முழங்கைக்குக் கீழே தாயம்மா

அப்பாவு தன் பெண்டாட்டி தாயம்மாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் துறைமுகத்துக்குப் போன திங்கட்கிழமை காலை, தாயம்மாவின் கைகள் இரண்டும் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டன. முழங்கைக்குக் கீழே மட்டும். கண்ணாடி வளையல் குலுங்க, விரல்களை ஊன்றி ஊன்றி, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் நடந்து வந்து, கிருபை ரொட்டிச்சாலையின் பின்கதவைத் தட்டின. கதவைத் திறந்த தங்கபுஷ்பம் எதிரே யாரையும் காணாமல் இடதும் வலதும் பார்த்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். ரத்தம் கித்தம் ஒன்றுமில்லை. முழங்கை முடிகிற இடம், பதமாகச் சுட்ட பன்னின் அடிப்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தது. "ஏட்டி, விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு? கழுவிட்டு மாவத் தொடு" என்றாள் தங்கபுஷ்பம். கைகள் தொட்டித் தண்ணீரில் ஒன்றையொன்று தேய்த்துக் கழுவிக்கொண்டன. நகத்து இடுக்கையும் விடவில்லை. பிறகு மாவுத் தொட்டியில் ஏறிப் பிசைய ஆரம்பித்தன. சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை, மைதா மாவுக்கு ரேஷன். இதற்கெல்லாம் நின்று வாய் பிளக்க யாருக்கு நேரம் இருந்தது?

தங்கபுஷ்பத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்துப் பக்கம். கப்பல் கேப்டன்களுக்கு ரொட்டி போட்டுக்கொடுக்க வந்த சுப்புராஜைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தவள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம், ரொட்டி போடும் ஆண்கள் ஒருவர் விடாமல் ஓடிப்போனார்கள். சுப்புராஜும் ஊருக்குப் போய், அங்கே குண்டுக்குப் பதில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அடுப்பு மட்டும் சூடாக இருந்தது. ஓட இடமில்லாத பொம்பளைகள் சிலர் அந்தச் சுவரோரம் குளிர் காய வந்து உட்கார்ந்தார்கள். சும்மா உட்காருவானேன் என்று தங்கபுஷ்பம் அவர்கள் கையில் மாவைக் கொடுத்தாள். அப்படித்தான் தொடங்கியது. மீன் கூடைக்காரி, புருஷன் விட்டவள், வியாசர்பாடிக் குடிசைகளிலிருந்து வந்தவள், யாராயிருந்தாலும் சேர்த்துக்கொண்டாள். கூலியும் கொடுத்தாள், தொழிலையும் கொடுத்தாள். மதுவிலக்கு வந்து மாவைப் புளிக்கவைக்கும் கள்ளுப் பானையைப் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனபோதுகூட, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை நுரைக்கவைத்துச் சமாளித்தாள். அவளால் சமாளிக்க முடியாதது ஒன்றுதான். ஒருத்தி தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்ட அன்றைக்கு யாராவது வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தியை மாமியார் அரக்கோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலர்க்கொடியை, பன் தட்டில் கை வைத்திருக்கும்போதே அண்ணன்காரன் வந்து நிச்சயதார்த்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். தட்டும் கூடவே போனது. சென்னை ராஜதானி முழுக்க, தங்கபுஷ்பம் பழக்கிய கைகள் யார் யார் வீட்டிலோ புளி கரைத்துக்கொண்டிருந்தன. அதை நினைத்தால் அவளுக்கு அடுப்பு இல்லாமலே வேர்க்கும்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உள்ளே தவழ்ந்து போகிற அளவு பெரிய செங்கல் அடுப்பு. விறகை எரித்துக் கங்கைத் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் ரொட்டியை வைக்க வேண்டும். சூடு பதம் வந்ததா என்று பார்க்க வெறுங்கையை உள்ளே நீட்டுவதுதான் வழி. சுப்புராஜ் காலத்தில் ஆண்கள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். எந்த வசனத்தில் கை தாங்கவில்லையோ அதை வைத்துப் பதம் சொல்வார்கள். தங்கபுஷ்பத்திடம் வந்த பெண்கள் பாதிப் பேருக்குச் சங்கீதம் வாயில் நுழையவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று வேண்டும் என்று யோசித்து, ரயில் ஸ்டேஷன்களுக்கு மாற்றினாள். கையை உள்ளே விட்டதும் ராயபுரம் என்று ஆரம்பிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலேயே கை சுட்டால் அடுப்பு கோபத்தில் இருக்கிறது, தொடாதே. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வரைக்கும் தாங்கினால் ரொட்டி. திருவொற்றியூர் என்றால் பன். எண்ணூர் வரை போனால் கேக். மீஞ்சூர் தாண்டிவிட்டால் ரஸ்க் காயப் போடத்தான் லாயக்கு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பயந்து இழுக்கிற கை பொய் சொல்லும் என்பாள் தங்கபுஷ்பம். வாய் எந்த ஸ்டேஷனில் நிற்கிறதோ அங்கேதான் கை திரும்ப வேண்டும். கை தானாகத் திரும்பக் கூடாது. இதைப் பெண்களுக்குத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தாள்.

அவளுடைய சொந்தக் கை எப்போதோ செத்துப்போயிருந்தது. வருஷக்கணக்கில் நெருப்புக்குள் நீட்டி நீட்டி, உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி காய்த்துவிட்டது. எரிகிற அடுப்பில் கையை விட்டால் கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை பெஜவாடா வரைக்கும் போய்விட்டது என்று கெங்கம்மா சொல்லுவாள். மீன் விற்றுக்கொண்டிருந்த அந்தக் கெங்கம்மாவோ, வாய் வேகத்தில், அடுத்தவள் ராயபுரம் சொல்லி முடிப்பதற்குள் மீஞ்சூரில் இறங்கிவிடுவாள். அவள் சொன்ன பதத்தில் வைத்த ரொட்டி வெளியே கரியும் உள்ளே கூழுமாக வரும். மிச்சம் இருந்தது தாயம்மா ஒருத்திதான். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் பிறந்து வண்ணாரப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். தாய்வீட்டுக்குப் போகும் ஆசையோடு ஒவ்வொரு ஸ்டேஷனையும் நிறுத்திச் சொல்லுவாள். அவள் கை ஒருநாளும் தப்புச் சொன்னதில்லை. அவளுக்குப் பிறகு இன்னொருத்திக்கு அந்தப் பதம் பிடிபடும்வரை தாயம்மா இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அடுப்பு இருந்தும் ரொட்டிச்சாலை இல்லை. தங்கபுஷ்பத்தின் கவலையெல்லாம் இந்த ஒன்றுதான்.

அப்பாவு கெட்டவன் அல்ல. துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிரேனுக்குக் கயிறு மாட்டுகிறவன். அங்கே மத்தியானம் ஆட்கள் கிருபை ரொட்டியைப் பிட்டு டீயில் நனைத்துத் தின்பார்கள். மாவைத் தட்டில் வைத்து அமுக்கும்போது ரொட்டியின் தலையில் உள்ளங்கைச் சுவடு லேசாகப் பதியும். யாரோ ஒரு வேலையற்றவன் அதை உற்றுப் பார்த்து, "மாமு, இது அண்ணி கை தானே? மெத்துன்னு கீதுப்பா" என்றான். அன்றிலிருந்து கடலுக்கும் கரைக்கும் இடையே அதுதான் பேச்சு. சிங்கப்பூருக்குப் போன கப்பல்காரன்கூட அங்கே இறங்கி விசாரித்தான் என்று கேள்வி. அப்பாவு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினான்.

பூட்டு வீட்டைப் பூட்டியது, அவ்வளவுதான். கைகள் ஜலதாரை ஓட்டை வழியாக வெளியே வந்து, மழையில்லாத நாளில் நடந்தும் மழை நாளில் டிராமிலும் வேலைக்கு வந்தன. முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று டிராம் கண்டக்டர்களுக்குள் தகராறு வந்து, கடைசியில் கைக்குழந்தைக் கணக்கில் விட்டுவிட்டார்கள். ஜனங்கள் ஒரு வாரம் பார்த்தார்கள், பிறகு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் பூட்டின் செய்தி மற்றப் புருஷன்மார்களுக்கு எட்டியது. கைதானே போகிறது, ஆள் வீட்டில்தானே இருக்கிறாள், மானம் போகவில்லையே என்று ஆளாளுக்குப் பூட்டு வாங்கினார்கள். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் பூட்டு தீர்ந்துபோய், ஒருவர் தன் சைக்கிள் பூட்டையே கழற்றிக் கதவில் போட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் கிருபை ரொட்டிச்சாலையில் முழு ஆட்கள் என்று பார்த்தால் தங்கபுஷ்பமும், ரங்கூனுக்குப் போன புருஷன் திரும்பாத கெங்கம்மாவும்தான். மற்றபடி வளையல் போட்டவை, பச்சை குத்தியவை, ஆறு விரல் உள்ள ஒன்று என்று மாவுத் தொட்டி நிறையக் கைகள். பேச்சில்லை, பாட்டில்லை. மாவு சப்பென்று அறைபடும் சத்தம் மட்டும்.

சுகாதார இன்ஸ்பெக்டர் சங்கரநாராயணன் வந்தார். தின்பண்டம் செய்கிறவர்களுக்கு அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கைகள் வரிசையாக மேஜைமேல் வந்து நின்றன. தழும்பு இருக்க வேண்டிய மேல்கை எல்லாம் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பூட்டிய வீடுகளுக்குள் இருந்தது. சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நகங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பன்னைத் தின்றபடி போனார். போகிற போக்கில், இவர்கள் அரட்டை அடிப்பதில்லை, லீவு கேட்பதில்லை, உங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று பாராட்டவும் செய்தார். தங்கபுஷ்பத்துக்குப் பேசக் கெங்கம்மாவை விட்டால் யாருமில்லை. நான் ஆளைக் கேட்டேன், எனக்கு உறுப்பைக் கொடுக்கிறார்களே என்று மாவுச் சல்லடையைச் சுவரில் அடித்தாள்.

வீடுகளிலும் நிலைமை சுகமில்லை. கைகள் சாயங்காலம்தான் திரும்பும். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருப்பவள் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட எடுக்க முடியாது. காலைச் சோற்றை அப்பாவுதான் ஆக்கினான், அப்பாவுதான் ஊட்டினான், தலையையும் அப்பாவுதான் வாரினான். வகிடு எண்ணூர் ஓடை மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. தாயம்மாவுக்கு வாய் ஒன்றுதான் வேலை, அதை அவள் குறைவில்லாமல் செய்தாள். சோறு குழைந்தது, உப்பு கூடியது, சீப்பு குத்துகிறது. அப்பாவு துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது கிரேன் முதல் பாரத்தை இறக்கி முடித்திருக்கும்.

இதையெல்லாம்கூடத் தங்கபுஷ்பம் தாங்கியிருப்பாள். அடுப்பைத்தான் தாங்க முடியவில்லை. தாயம்மாவின் வலக்கை வழக்கப்படி அடுப்பு வாயில் ஏறி உள்ளே நீண்டது. ஆனால் ஸ்டேஷன் சொல்ல வாய் இல்லை. வாய் சொல்லி நிறுத்தாமல் திரும்பக் கூடாது என்பதுதான் அது கற்ற பாடம். எனவே அது திரும்பவில்லை. தோல் கருகும் வாடை வந்த பிறகு கெங்கம்மாதான் ரொட்டி எடுக்கும் துடுப்பால் இழுத்து வெளியே போட்டாள். மறுநாளும் அதே கதை. தங்கபுஷ்பம் கையின் காதில் சொல்லிப் பார்க்கலாம் என்றால் கைக்குக் காது இல்லை. மணிக்கட்டில் தட்டிப் பார்த்தாள். அது தன்னைக் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்து மல்லாந்து படுத்துக்கொண்டது. ரொட்டி ஒருநாள் கரி, ஒருநாள் களிமண். காசிமேட்டுக் கட்டுமரக்காரர்கள் ஒரு ரொட்டியை நங்கூரமாகப் போட்டு நல்ல பிடிமானம் என்று இன்னொன்று கேட்டு வந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் காலையில் பாலும் கிருபை ரொட்டியும்தான். அங்கிருந்து ஒரு நர்ஸம்மா வந்து, வர்ற திங்கக்கிழமைக்குள் பழைய ரொட்டி வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி போனால் ரொட்டிச்சாலை போயிற்று.

அன்று சாயங்காலம் அப்பாவு வந்தான். வீடு திரும்பிய கையில் கொப்புளம் பார்த்த கோபத்தோடு, வாசலில் நின்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"இன்னாம்மா நெனச்சிகினு கீற? கை பொம்பள கையா, வெறவுக்கட்டையா? தேங்கா எண்ணெ தடவித் தடவி என் கை நோவுது."

"எரிஞ்சது அவ கையி, நோவுதது ஒன் கையாக்கும்" என்றாள் தங்கபுஷ்பம். "நான் கையக் கேக்கல தம்பி. அவளக் கேட்டேன். வாயோட, மூக்கோட, முழுசா. நீ பூட்டுனதால எனக்கு வந்தது இதுதான்."

"தோ பாரு, அவ வூட்ட வுட்டு வரமாட்டா. கை வரும். இஷ்டம்னா வெச்சிக்கோ."

உள்ளேயிருந்து கெங்கம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமு, தலையில சோத்துப் பருக்க ஒட்டிகினு கீது. ஆக்கினது நீயா?"

அப்பாவு தலையைத் தடவிக்கொண்டு போனான். தங்கபுஷ்பம் சுவரோரம் உட்கார்ந்து, தன் செத்துப்போன உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து இழுக்காதே என்று கற்றுக்கொடுத்தது அவள்தான். அந்தக் கொப்புளத்தில் பாதி பூட்டினுடையது, பாதி தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது எரிச்சலைக் குறைக்கவில்லை, கூட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போன புருஷன்மார், கூட்டிக்கொண்டு போன மாமியார், பாராட்டிய இன்ஸ்பெக்டர், எல்லார் மீதும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. அவள் எழுந்து உள்ளேயிருந்து பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். நாளையிலிருந்து தனிக் கைக்கு வேலை கிடையாது, ஆளோடு வந்தால் வரட்டும் என்று கெங்கம்மாவிடம் சொன்னாள். அப்போ ரொட்டி யார் போடுறது என்று கெங்கம்மா கேட்டாள். யாரும் போடப் போவதில்லை என்றாள். யக்கா, ஆஸ்பத்திரி போய்டும் என்றாள் கெங்கம்மா. போகட்டும் என்றாள் தங்கபுஷ்பம். சொன்ன பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

காலையில் கைகள் வந்து கதவைத் தட்டின. திறக்கவில்லை. ராயபுரத்தில் அன்றைக்கு மாதா கோயில் மணியோசையை யாரும் கேட்கவில்லை, அப்படித் தட்டின. வெயில் ஏறியதும் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சந்தோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டன. சாயங்காலம் ஆனது, வீட்டுக்கும் போகவில்லை. வேலை செய்யாமல் எப்படித் திரும்புவது என்று நினைத்தனவோ என்னவோ. தூறல் போட்டது. தங்கபுஷ்பம் ஜன்னல் இடுக்கில் பார்த்து, கையைப் பிசைந்து, கதவருகே போய்ப் போய்த் திரும்பினாள். கெங்கம்மா மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கோணிச் சாக்கை வெளியே எறிந்தாள். கைகள் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டன. வெள்ளி, சனி, ஞாயிறு இப்படியே போனது. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் புருஷன்மார்களுக்கு இப்போது சாயங்காலமும் விமோசனம் இல்லை. குழந்தைக்கு மூத்திரத் துணி மாற்றுவதிலிருந்து பெண்டாட்டிக்குக் கொண்டை போடுவது வரை அவர்கள் தலையில். ஒருவர் துக்கம் தாங்காமல் சாமியாராகப் போய்விடுகிறேன் என்று கிளம்பி, அங்கேயும் தானேதான் சமைக்க வேண்டும் என்று தெரிந்து தெருமுனையிலேயே திரும்பினார்.

அப்பாவு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாகக் குழம்பைக் கருக்கினான். தாயம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி பேசினாள்.

"என் கை மழையில நனஞ்சிகினு கீது. எனுக்கு இங்க குளுருது. தொற, நீ அத்தப் பாக்க வோணாம், சிரிக்கிறவங்களப் பாரு."

அப்பாவு சாவியை எடுத்தான். அவன் வீட்டிலிருக்கும்போதும் உள்பக்கம் போட்டுவைத்த பூட்டு, மழை ஈரத்தில் துருப்பிடித்துத் திறக்கவில்லை. கதவோடு பெயர்த்து எடுத்தான்.

திங்கட்கிழமை விடியும்போது தாயம்மா வெறும் முழங்கைகளோடு சந்துக்குள் வந்தாள். பின்னால் அப்பாவு, அவள் தலையில் குடையைப் பிடித்தபடி. அவனுக்குப் பின்னால் பூட்டுத் திறந்த மற்ற வீட்டுக்காரிகள், அவர்களுக்குப் பின்னால் தூக்கம் கெட்ட புருஷன்மார்கள். தங்கபுஷ்பம் தாழ்ப்பாளை எடுத்தாள். கட்டிப்பிடிப்பது, கண்ணீர் விடுவது எல்லாம் அவளுக்கு வராது. "ஏட்டி, ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது" என்றாள். கோணிக்கு அடியிலிருந்து கைகள் ஓடிவந்து கழுவிக்கொண்டு தொட்டியில் ஏறின. எல்லாரும் அவரவர் கையைப் போட்டுக்கொள்வார்கள் என்று தங்கபுஷ்பம் காத்திருந்தாள். கைகள் முழங்கைக்கு ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் கைக்கும் ஆளுக்கும் நடுவே பேச்சு ஓடுகிறது என்பது அப்போது தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. தாயம்மா அடுப்பு வாய்க்கு எதிரே நின்றாள். ஆறாத கொப்புளத்தோடு வலக்கை உள்ளே நீண்டது. ராயபுரம், என்றாள் அவள். வண்ணாரப்பேட்டை. கொருக்குப்பேட்டை. தண்டையார்பேட்டை என்று சொல்லி நிறுத்தினாள். கை வெளியே வந்தது. "ரொட்டி" என்றாள். பழைய ரொட்டி, ஒரு கருகல் இல்லாமல், ஆவி பறக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்தக் காலையில் பாலில் நனைத்துத் தின்ற நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். அவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

சாயங்காலம் பெண்கள் கிளம்பினார்கள். கைகள் கிளம்பவில்லை. அடுப்புச் சுவரோரம் கதகதப்பாக வரிசையாகப் படுத்துக்கொண்டன. கூப்பிட்டுப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள், வளையல் காட்டி ஆசையும் காட்டினார்கள். வீட்டு வேலைக்கு அவை அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. தங்கபுஷ்பத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுவாரமே புருஷன்மார்கள் கும்பலாக வந்து, சோறு குழைகிறது, குழம்பு கருகுகிறது, நீங்கள்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறீர்களே என்று நின்றார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு, சாயங்கால வேளையில் அவர்களுக்கும் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். அப்பாவுக்கு மாவு பிசையவே வராது. பிசைந்த மாவிலிருந்து அவனை விடுவிக்கக் கைகள்தான் வர வேண்டியிருந்தது. தங்கபுஷ்பம் அவனைத் திட்டுகிற சத்தம் திருவொற்றியூர் வரைக்கும் கேட்கும். தாயம்மாவைத் தவிரப் பெண்களில் ஒருத்திக்கும் இன்னும் அடுப்புப் பதம் பிடிபடவில்லை என்ற எரிச்சலும் அதில் சேர்ந்திருக்கும்.

வகுப்பு முடிந்து அவனும் தாயம்மாவும் கல்மண்டபம் வழியாக வீட்டுக்கு நடப்பார்கள். நடுவழியில் தாயம்மாவுக்கு மூக்கு அரிக்கும், அல்லது முதுகு. அப்பாவு சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொறிந்துவிடுவான். டிராம் மணியடித்துக்கொண்டு காத்து நிற்கும். ஜனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"அங்க இல்ல மாமா," என்பாள் தாயம்மா, "இன்னும் கொஞ்சம் மேல."